பனியே பெய்யாத கிருஷ்ணகிரில "பனியில மாட்டிக்கிட்ட கிறிஸ்மஸ் காதல்" எழுத முடியுமா?

ராயக்கோட்டை வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருக்கேன், எழுதறது இதான் முதல் தடவ. ஊரு ராயக்கோட்டை, வேலை ஓசூர்ல ஒரு கம்பெனில, தினம் போக வர பஸ்லயே பாதி பொழுது போயிடுது, அந்த நேரம் பூரா போன்ல கதைதான். நவம்பர் பொறந்தாச்சின்னா நான் தேடித் தேடி படிக்கிறது ஒரே வகை. கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் இருக்கும், ஒருத்தன் ஒருத்தி, முன்னபின்ன தெரியாது, பாத்த முதல் நிமிஷமே ஆகாது, பனிப்புயல் அடிச்சி ரோடு மூடிடும், மலை மேல ஒரு மரவீட்ல ரெண்டு பேரும் மாட்டிக்குவாங்க, கரண்ட் இருக்காது, விறகு கொஞ்சம்தான் இருக்கும், சண்டையிலயே ஆரம்பிச்சி புயல் ஓயறப்ப கிளம்ப மனசு வராம நிப்பாங்க. முடிவு தெரிஞ்சிதான் படிக்கிறோம், இருந்தாலும் அந்த ரெண்டாவது நாள் ராத்திரி வர்றப்ப எனக்கு இன்னிக்கும் நெஞ்சு அடைக்குதுங்க.

இந்த வருஷம் நானே ஒண்ணு எழுதலாம்னு உக்காந்தேன். கனடால ஒரு மலைவீடுன்னு வச்சி பதினாலு பக்கம் எழுதிட்டேன். நேத்து ராத்திரி முதல்ல இருந்து படிச்சி பாத்தா, அவ கம்பளிய போத்திக்கிட்டு ஜன்னல் வழியா பனிய பாத்தான்னு ஏழு இடத்துல எழுதிருக்கேன். வேற எதுவும் எனக்கு எழுத தெரியல, ஏன்னா நான் அந்தப் பனிய பாத்ததே இல்ல. மிதிச்சா என்ன சத்தம் வரும், கதவ தள்ளுனா திறக்குமா, வாசனை ஏதாவது இருக்குமா, ஒண்ணும் தெரியாது. எனக்கு தெரிஞ்ச பனின்னா மார்கழி காலைல சூளகிரி பக்கம் ஹைவேல முன்னாடி போற லாரியே தெரியாம பின்னாடி லைட்டு மட்டும் செவப்பா ரெண்டு புள்ளி மிதக்குமே, அதுதான்.

அதனால கேக்கறேன். பனி பாக்காத நான் பனில எழுதலாமா, இல்ல இத நம்ம பக்கமே கொண்டு வந்துடலாமா? கொண்டு வந்தா ரெண்டு பேர ஒரு ராத்திரி பூரா எது நிறுத்தி வைக்கும்? இன்னொண்ணு, சண்டைய எப்படி எழுதறது? நான் எழுதுன ஹீரோ மூஞ்சில அடிச்ச மாதிரி பேசறான், எனக்கே அவன பிடிக்கல, அவளுக்கு எப்படி பிடிக்கும்? இந்த கதைய நல்லா எழுதணும்னு உண்மையிலயே ஆசையா இருக்குங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கெலமங்கலம் கதைப்பிரியன்:

தங்கச்சி, பனிலயே எழுதுமா. நாம அந்த கதைய தேடி போறதே நம்ம ஊர்ல இல்லாதது அதுல இருக்குன்னுதானே. வெள்ளையா, சத்தமே இல்லாம, வெளிய யாருமே இல்லாம ஒரு உலகம். ராகி காடும் புளியமரமும் நான் தினம் பாக்கறேன். பனி எப்படி இருக்கும்னு அங்க இருக்கறவங்கள கேட்டு எழுது, இங்கயே யாராவது இருப்பாங்க.


பாலக்கோடு டு பஃபலோ:

இருக்கேன். பொறந்தது பாலக்கோடு, தக்காளி மண்டிக்கு பின்னாடி தெரு, இப்ப பதினோரு வருஷமா அமெரிக்கால பஃபலோ. நியூயார்க் மாநிலம்தான், ஆனா நீங்க படத்துல பாக்கற நியூயார்க் இல்ல, இது ஈரி ஏரிக்கரை. இந்த கேள்விய பாத்ததும் எனக்கு 2022 டிசம்பர்தான் ஞாபகம் வந்துச்சி, அத சொல்லாம போக முடியாது.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பனிப்புயல்னா மெதுவா பூ மாதிரி விழறது இல்ல. டிசம்பர் 23 விடியக்காலை இங்க வெறும் மழைதான். கொஞ்ச நேரத்துல காத்து திரும்பிடுச்சி, மழை பனியாச்சி, அப்புறம் எதிர்வீடே தெரியல. ஏரித் தண்ணி அந்த நேரத்துக்கு இன்னும் உறைஞ்சிருக்காது, அது மேல கடுங்குளிர் காத்து ஓடறப்ப தண்ணில இருக்கற சூட்டையும் ஈரத்தையும் அள்ளிக்கிட்டு வந்து கரைல இருக்கற எங்க தலைல கொட்டும், அதான் இந்த ஊரோட விதி. புயல் முடியறதுக்குள்ள ஏர்போர்ட்ல அளந்தது 51.9 அங்குலம், நாலு அடிக்கும் மேல. வண்டி ஓட்டவே கூடாதுன்னு தடை போட்டாங்க. ஆம்புலன்ஸும் ஃபயர் இன்ஜினும் கூட நடுரோட்ல புதைஞ்சி நின்னுச்சி. 40 பேருக்கு மேல செத்துப்போனாங்க, சில பேர் காருக்குள்ளயே, சில பேர் வீட்டுக்குள்ளயே குளிர்ல. அதனால தங்கச்சி, பனிய அலங்காரமா எழுதாதீங்க. வெளிய போனா சாவுன்னு படிக்கறவங்களுக்கு உறைக்கணும், அப்பதான் உள்ள இருக்கற சூட்டுக்கு மதிப்பு.

நீங்க கேட்டதுக்கு வர்றேன். கதவு. இங்க வீட்டு வாசக்கதவு உள்பக்கமா திறக்கும், திறந்தா அங்க ஒரு வெள்ளை சுவர் நிக்கும், அந்த சுவத்துல நம்ம கதவோட பலகை வேலைப்பாடு அப்படியே அச்சு விழுந்திருக்கும். காத்து நின்னப்புறம் ஒரு அமைதி வரும் பாருங்க, புதுப்பனி சத்தத்த எல்லாம் உறிஞ்சிடும், அந்த மாதிரி நிசப்தத்த நான் பாலக்கோட்ல கேட்டதே இல்ல, காதுல பஞ்சு வச்ச மாதிரி. ரொம்ப குளிர்ல மிதிச்சா நறுக் நறுக்குன்னு இருக்கும், நம்ம ஊட்ல மரவள்ளி மாவ பாத்திரத்துல அழுத்தறப்ப வருமே அது மாதிரி. வாசனை இருக்காது, மூக்குக்குள்ள முடி உறைஞ்சி குத்தும்.

அப்புறம் வேலை. கதையில யாரும் இத எழுதறதில்ல. ஹீட்டர் புகைக்குழாய் வீட்டு பக்கவாட்ல இருக்கும், அதோட வாய பனி மூடிட்டா விஷவாயு உள்ள திரும்பும், வாசனை தெரியாது, தூங்கறப்பவே ஆள முடிச்சிடும். அதனால கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா யாராவது வெளிய போய் அந்த வாய சுரண்டிவிட்டுத்தான் ஆகணும். நான் போறப்ப வீட்டுக்காரர் கதவுகிட்ட கயிறு புடிச்சிக்கிட்டு நின்னாரு, கயித்தோட இந்த முனை என் இடுப்புல. பத்தடி தூரம்தான், ஆனா திரும்பி பாத்தா வீடு இல்ல. கயிறு லேசா இழுபட்டுச்சின்னா அவரு இருக்காருன்னு அர்த்தம். சண்டை போட்ட ரெண்டு பேரு அந்தக் கயித்த ஆளுக்கொரு முனைல புடிக்கற மாதிரி ஒரு ராத்திரி வைங்க. ஏழு தடவ ஜன்னல் வழியா பாக்க வேண்டிய அவசியம் இருக்காது.

அந்த புயல்லயே நடந்த ரெண்டு விஷயம் சொல்றேன், ரெண்டும் பேப்பர்லயும் டிவிலயும் வந்தது. நயாகரா பாக்க போன தென்கொரியா டூரிஸ்ட் வேன் ஒண்ணு வில்லியம்ஸ்வில்ல ஒரு வீட்டு முன்னாடி பள்ளத்துல மாட்டிக்கிச்சி, பனி அள்ள மண்வெட்டி கேட்டு கதவ தட்டுனாங்க, அந்த வீட்டு புருஷன் பொண்டாட்டி அவங்க பத்து பேரையும் உள்ள கூப்பிட்டு கிறிஸ்மஸ் வரைக்கும் வச்சிக்கிட்டாங்க. அவங்களுக்கு ஏற்கனவே கொரியா சமையல்னா உயிராம், மிளகா விழுது கிம்ச்சி எல்லாம் ஃப்ரிட்ஜ்லயே இருந்திருக்கு, விருந்தாளிங்களே அடுப்புல நின்னு சமைச்சி போட்டிருக்காங்க. இன்னொண்ணு, சீக்டவாகால ஒரு மெக்கானிக் தன் வண்டி மாட்டிக்கிட்டப்ப பக்கத்துல இருந்த ஸ்கூல் ஜன்னல உடைச்சி உள்ள போய், ரோட்ல சிக்கிக் கிடந்த இருபது பேருக்கு மேல கூட்டிட்டு வந்து காப்பாத்துனாரு, போறப்ப ஜன்னல உடைச்சதுக்கு மன்னிப்பு கேட்டு ஒரு சீட்டு எழுதி வச்சிட்டு போனாரு. பூட்டுன பள்ளிக்கூடத்துல முன்னபின்ன தெரியாத இருபது பேரு, அதுல ரெண்டு பேருக்கு மட்டும் ஆகாது. மரவீட்ட விட இது எவ்வளவோ நல்ல இடம்.


சூளகிரி அக்கா:

பஃபலோ அக்கா சொன்ன அந்த ஸ்கூல் விஷயத்துலதான் என் பேச்சும் வருது. இந்த வகைக் கதைல எனக்கு ரொம்ப நாளா ஒரு உறுத்தல் இருக்கு, இன்னிக்கு சொல்லிடறேன்.

முக்காவாசி கதைல வீடு அவனோடது. விறகு அவனோடது, சாப்பாடு அவனோடது, வண்டி சாவியும் அவன்கிட்ட. அவ வழி தவறி வந்தவ. அப்ப அவ சிரிச்சா அது பிடிச்சி சிரிக்கறதா, போக்கிடம் இல்லாம சிரிக்கறதா? எனக்கு தெரியாது, அவளுக்கும் தெரியாது. நான் பதினாறு வருஷமா லேடீஸ் ஹாஸ்டல் பாத்துக்கறேன், ராத்திரி பத்து மணிக்கு மேல பஸ் இல்லாம யாரோ ஒருத்தர் வீட்ல தங்க வேண்டி வந்த பொண்ணுங்க மறுநாள் வந்து என்கிட்ட பேசிருக்காங்க. அந்த வீட்டுக்காரங்க நல்லவங்களா இருந்தாலும் இவங்க தூங்கிருக்க மாட்டாங்க. செருப்ப தலைமாட்லயே வச்சிக்கிட்டு படுத்தேன்க்கான்னு ஒரு பொண்ணு சொல்லுச்சி.

அதனால கதவு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மூடியிருக்கணும். அவனும் மாட்டிக்கிட்டவன்தான், அவளும் மாட்டிக்கிட்டவதான், இடம் மூணாவது ஆளோடது. அவன் முரடனா பேசறது உங்களுக்கே பிடிக்கலன்னு எழுதிருக்கீங்களே, காரணம் இதுதான்னு நினைக்கறேன், வீட்டுக்காரன் சத்தம் போட்டா அது மிரட்டல், ரெண்டு பேரும் ஒரே நிலைமைல நின்னு சத்தம் போட்டாதான் அது சண்டை.

தனியா ரெண்டே பேர்தான் இருக்கணும்னும் இல்லம்மா. இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் டான் ஹில் இன்னுன்னு ஒரு மதுக்கடை, கடல் மட்டத்துல இருந்து 1,732 அடி, அந்த நாட்லயே உசரமான இடத்துல இருக்கறது. 2021 நவம்பர் 26 ராத்திரி பாட்டு கச்சேரி கேக்க போனவங்க அர்வென் புயல்ல மாட்டி, பாட்டு கோஷ்டியோட சேத்து 60 பேருக்கு மேல மூணு ராத்திரி அங்கயே இருந்தாங்க, தரையில மெத்தை போட்டு தூங்கி, வினாடி வினா நடத்தி, கிளம்பறப்ப சிலருக்கு போகவே மனசில்லன்னு செய்தில வந்துச்சி. அறுபது பேருக்கு நடுவுல ஒருத்திக்கு ஒருத்தன் கம்பளில பாதிய தள்ளிவிட்டா அது எவ்வளவு பெருசா தெரியும். நம்ம ஊருக்கும் அதான் சரி வரும், ரெண்டு பேரு மட்டும் ஒரு வீட்லன்னு எழுதுனா மறுநாள் காலைல கதை காதல்ல இருந்து பஞ்சாயத்துக்கு போயிடும்.


அஞ்செட்டி மருமகள்:

நான் இதுவரைக்கும் எங்கயும் எழுதுனதில்ல, இத படிச்சிட்டு இருக்க முடியல. எங்களுக்கு இது நடந்துச்சி. பனி இல்ல, யானை.

எனக்கு பொறந்த ஊரு எலத்தகிரி. அப்ப பெங்களூர்ல நர்ஸ் வேலை. அந்த வருஷம் டிசம்பர் 24 சாயந்திரம் டூட்டி முடிச்சி, அக்காவ அஞ்செட்டில கட்டி கொடுத்திருந்தோம், அவளுக்கு கொழந்த பொறந்து இருபது நாள், கிறிஸ்மஸுக்கு நான் அங்க போறதா சொல்லி, ஓசூர் பஸ் ஸ்டாண்ட்ல வந்து நிக்கறேன். லீவு கூட்டம், கால் வைக்க இடம் இல்ல. காலைல ஏழு மணில இருந்து நின்ன காலு. பஸ் வந்து நிக்கறதுக்குள்ள முண்டி ஏறி ஒரு சீட்ல உக்காந்துட்டேன், அடியில என்னமோ மெத்துன்னு இருக்கு, பாத்தா துண்டு. ஒருத்தரு மூட்டையோட வந்து நின்னு, "துண்டு போட்டிருக்கேன் தெரியல?"ன்னாரு. "துண்டுக்கு டிக்கெட் எடுத்துட்டீங்களா?"ன்னேன். அவரு விடல, நானும் விடல, நர்ஸுக்கு வாய் அதிகம்னு பின்சீட்ல யாரோ சொன்னாங்க, நான் யூனிஃபார்ம் மேல ஸ்வெட்டர் போட்டிருந்தேன். கடைசில கண்டக்டர் வந்து "பொம்பள புள்ள உக்காரட்டும்பா"ன்னாரு. அது எனக்கு இன்னும் கோவம், பொம்பளைன்னு நான் கேக்கல, முதல்ல வந்தேன்னு கேட்டேன். துண்ட உருவி அவர் கைல கொடுத்தேன். தேன்கனிக்கோட்டை வரைக்கும் என் சீட்டு பக்கத்துலயே நின்னுக்கிட்டு வந்தாரு, மூட்டை என் கால்ல இடிச்சிக்கிட்டே வந்துச்சி, டிராக்டர் சாமான் ஏதோ, இரும்பு.

தேன்கனிக்கோட்டை தாண்டி காடு ஆரம்பிக்கற இடத்துல டிரைவர் சட்டுன்னு லைட்ட அணைச்சி இன்ஜினையும் நிறுத்திட்டாரு. இந்த பக்கத்துக்காரங்களுக்கு தெரியும், ஐப்பசி கார்த்திகைல இருந்தே பன்னேருகட்டா காட்டுல இருந்து கூட்டம் கூட்டமா இறங்கி தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவுன்னு ராகி அறுப்புக்கு வந்துடும். போன் லைட்ட யாரும் அடிக்காதீங்கன்னு கண்டக்டர் மெதுவா சொன்னாரு. கொழந்த கூட அழல. முதல்ல ஒண்ணும் தெரியல, மூங்கில் ஒடியற சத்தம் மட்டும், அப்புறம் சாணி வாசனையும் பச்சை இலை வாசனையும் சேந்து வந்துச்சி, அப்புறம் பாத்தா ரோட்ல இருட்டே நகருது. எத்தனைன்னு எண்ணல. குட்டி இருந்துச்சி, குட்டி இருந்தா தாய் நகராது. அரை மணி ஆச்சி, ஒரு மணி ஆச்சி, வனத்துறை ஆளுங்க வந்து இன்னிக்கு ராத்திரி வண்டி போகாதுன்னு பஸ்ஸ பின்னாடியே எடுக்க வச்சி, ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி ஒரு சின்ன ஊர்ல இறக்கி விட்டாங்க. பாதி பேரு டெம்போ புடிச்சி கோட்டைக்கே திரும்பிட்டாங்க. நான் உட்பட ஒம்போது பேரு அங்கயே ஒரு அவ்வா வீட்டு திண்ணைலயும் கூடத்துலயும். டவர் இல்ல, அக்காவுக்கு சொல்ல முடியல. நடுராத்திரி பூசையும் போச்சி. குளிருன்னா குளிரு, தரைல காலு வைக்க முடியல.

அந்த அவ்வா பாதி கன்னடம் பாதி தமிழ்ல பேசும். மறுநாளைக்குன்னு மொச்சைய காலைலயே தண்ணில ஊறப்போட்டு ஒரு பெரிய குண்டா நிறைய வச்சிருந்துச்சி. எல்லாருக்கும் களி கிண்டறேன், நீங்க பருப்ப பிதுக்குங்கன்னு குண்டாவ கொண்டாந்து நடுவுல வச்சிது. மத்தவங்க கொஞ்ச நேரத்துல தூங்கிட்டாங்க, எனக்கு தூக்கம் வரல, அவருக்கும் வரல, குண்டாவுக்கு அந்தப்பக்கம் அவரு இந்தப்பக்கம் நான். எனக்கு ஊசி போட தெரியும், மொச்சை பிதுக்க தெரியல. நசுக்கி நசுக்கி கூழா போட்டுட்டு இருந்தேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, பேசாம ஒரு கொட்டைய எடுத்து என் முன்னாடி காட்டுனாரு, மூக்கு இருக்கற பக்கத்த நகத்தால லேசா கீறி, பின்னாடி கட்டைவிரல்ல அழுத்துனா பருப்பு மட்டும் வழுக்கிக்கிட்டு முழுசா வந்து விழுது, தோல் கைலயே நிக்குது. மூணு தடவ காட்டுனாரு. ஒரு வார்த்தை பேசல. நாலாவது எனக்கு வந்துடுச்சி.

அப்புறம்தான் பேச்சு. அந்த சாமான் இல்லாம அவரு டிராக்டர் நாலு நாளா நிக்குதாம், அறுத்த ராகி களத்துல கிடக்குதாம், யானை வந்தா மொத்தமும் போச்சாம், தம்பி ஒருத்தனே பரண்ல காவல் இருக்கானாம். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் அலைஞ்சி வாங்கிட்டு வந்த அன்னிக்கு நான் சீட்ட புடிச்சிருக்கேன். நான் என் காலுக்கு என்ன ஆச்சின்னு சொன்னேன். ரெண்டு பேரு சொன்னதும் நியாயம்தான், யாரும் மன்னிப்பு கேக்கல. பன்னெண்டு மணிக்கு போன்ல நேரம் பாத்து நான் வாய்க்குள்ளயே பாடுனேன், அவ்வா அடுப்படில இருந்து சத்தமா பாடுன்னுச்சி, பாடுனேன், அவரு குனிஞ்சி மொச்சை பிதுக்கிட்டே இருந்தாரு. அவரு கை நிக்கலன்னு நான் பாத்துட்டுதான் இருந்தேன்.

காலைல முதல் பஸ் வந்துச்சி. எல்லாரும் எழுந்துக்கறதுக்குள்ள இவரு ஓடி ஜன்னல் வழியா துண்ட போட்டாரு. மறுபடியும் ஆரம்பிச்சாச்சின்னு நினைச்சி ஏறுனா, சீட்ல துண்டு இருக்கு, இவரு பின்னாடி போய் கம்பிய புடிச்சிக்கிட்டு நிக்கறாரு. என்ன பாக்கக் கூட இல்ல. நான் துண்ட எடுத்து மடில வச்சிக்கிட்டு உக்காந்தேன்.

வேற வேற சாமி, வேற வேற சாதி, வீட்ல ஒத்துக்க மூணு வருஷம் ஆச்சி, அது பெரிய கதை, இங்க வேணாம். இப்ப பெரியவனுக்கு ஆறு வயசு.


அரூர் தமிழய்யா:

அம்மா, படிச்சி முடிச்சதும் எழுந்து கொஞ்ச நேரம் வாசல்ல நின்னுட்டு வந்து உக்காந்து எழுதறேன். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்துல தமிழ் நடத்துனவன். நீங்க சொன்னதுக்கு நம்ம இலக்கணத்துல பேரே இருக்குதும்மா, களிறுதரு புணர்ச்சி. யானையால வந்த சேர்க்கை. தலைவி தினைப்புனத்துல இருக்கறப்ப யானை வந்துடும், முன்னபின்ன தெரியாத ஒருத்தன் அங்க நிப்பான், அதுல இருந்து ஆரம்பிக்கும். பின்னாடி வீட்ல வேற மாப்பிள்ளை பாக்கறப்ப தோழி செவிலித்தாய்கிட்ட போய், அன்னிக்கு யானை வந்தப்ப கூட நின்னவன் அவன்தான், அவனுக்கே கொடுங்கன்னு உண்மைய போட்டு உடைப்பா, அதுக்கு அறத்தொடு நிற்றல்னு பேரு. இதே மாதிரி வெள்ளத்துல ஆரம்பிச்சா அது புனல்தரு புணர்ச்சி. வகுப்புல ரெண்டு மார்க் கேள்வியாவே இத நடத்தி முடிச்சிட்டேனேன்னு இப்ப வருத்தமா இருக்கு.

ராயக்கோட்டை பாப்பா, நீ கேட்ட கேள்விக்கு இன்னொண்ணும் சொல்றேன். குறிஞ்சித் திணைக்கு பெரும்பொழுது என்ன தெரியுமா? கூதிரும் முன்பனியும். முன்பனின்னா மார்கழி, தை. சிறுபொழுது யாமம், அதாவது நடுராத்திரி. மலை, மார்கழிப் பனி, நடுராத்திரி, யானை. டிசம்பர் 24 ராத்திரி பன்னெண்டு மணி, தேன்கனிக்கோட்டை மலை, அத்தனையும் பொருந்துது. பனி இல்லையேன்னு நீ கவலைப்படாத, நம்ம பனி வேற பனி, அவ்வளவுதான். ஒண்ணு மட்டும், பழைய பாட்டுல தலைவன் காப்பாத்துவான், தலைவி காப்பாத்தப்படுவா. சூளகிரி அம்மா சொன்ன மாதிரி நீ எழுதறதுல ரெண்டு பேரும் ஒரே திண்ணைல இருக்கட்டும்.

யானை வேணாம்னா வெள்ளம் வை. 2024 டிசம்பர் 1, 2 தேதில ஃபெஞ்சல் புயல் கரை ஏறி நம்ம பக்கம் வந்து நின்னுச்சே, 24 மணி நேரத்துல ஊத்தங்கரைல 50 சென்டிமீட்டர் மழை, எங்க அரூர்ல 30க்கு மேல. ஊத்தங்கரைல நிறுத்தி வச்சிருந்த காரும் வேனும் ரோட்டு வெள்ளத்துல பொம்மை மாதிரி உருண்டு போனத நீங்க எல்லாரும் போன்ல பாத்திருப்பீங்க. எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, கிறிஸ்மஸுக்குன்னு கட்டுன நட்சத்திரம் ஒண்ணு கம்பியோட மிதந்து வந்து எங்க கேட்ல மாட்டிக்கிச்சி, பேப்பர் எல்லாம் ஊறிப்போய் குச்சி மட்டும் அஞ்சு மூலையா நிக்குது. யார் வீட்டுதுன்னு தெரியாம காய வச்சி மாடில கட்டி விட்டேன், நாலாம் நாள் பின்தெரு பையன் வந்து எங்களுதுன்னு வாங்கிட்டு போனான். பஃபலோ பாப்பா சொன்ன மாதிரிதான், வெள்ளத்தையும் அழகா எழுதிடாத, அன்னிக்கு ஆடு மாடு வீடு வாசல்னு இழந்தவங்க இன்னும் இங்கதான் இருக்காங்க.


பாலக்கோடு டு பஃபலோ:

ஐயா, இங்க மணி விடியக்காலை நாலு, அஞ்செட்டி அக்கா எழுதுனத எங்க வீட்டுக்காரர எழுப்பி படிச்சி காட்டுனேன். எங்க அம்மா பிதுக்கின மொச்சைய வெயில்ல காய வச்சி டப்பால கொடுத்து விடுவாங்க, ஆனா பச்சை மொச்சைல தோல் கழண்டு வழுக்கி வர்ற அந்த நிமிஷம் டப்பால வராது. இந்த பத்து வருஷத்துல மார்கழில நான் ஊருக்கு வரவே இல்ல.


ராயக்கோட்டை வாசகி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலங்க. இன்னிக்கு பஸ்ல ரெண்டு தடவ எல்லாத்தையும் படிச்சேன், இறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டு அடுத்த ஸ்டாப்ல இறங்கி நடந்து வந்தேன். கனடா பதினாலு பக்கத்தையும் எடுத்து வச்சிட்டேன். கெலமங்கலம் அண்ணா, கோவிச்சிக்காதீங்க, பனி மேல எனக்கும் ஆசை போகல, என்னிக்காவது பாத்துட்டு வந்து எழுதறேன். இப்ப நம்ம மலைதான். யானைதான் வைக்கப் போறேன், வெள்ளத்த எழுத எனக்கு இன்னும் தைரியம் வரல, ஊத்தங்கரைல எங்க சித்தி வீடு இருக்கு.

இடம் மூணாவது ஆளோடதுன்னு அக்கா சொன்னது பெரிய உதவி. என் கதைல அவ ஸ்கூல் டீச்சர், அவன் மாங்கூழ் ஃபேக்டரில பாய்லர் பாக்கறவன், சீசன் இல்லாததால ஊருக்கு போறான். பஃபலோ அக்கா சொன்ன கயித்த எப்படியாவது கொண்டு வரணும்னு பாக்கறேன், பரண்ல ஏறி இறங்க கயிறு இருக்குமே, காவலுக்கு இருந்தவனுக்கு ராத்திரில காய்ச்சல் வந்து ரெண்டு பேரும் சேந்து அவன இறக்க வேண்டி வந்தா சரியா இருக்கும்னு தோணுது, ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ.

அஞ்செட்டி அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், கேக்கவே கூச்சமா இருக்கு. உங்க கதைய நான் எடுக்க மாட்டேன், அது உங்களது. ஆனா ஜன்னல் வழியா துண்டு போடற இடம் என் மனசுல இருந்து போக மாட்டேங்குது. சாயந்திரம் சண்டைக்கு ஒரு தடவ, காலைல அவளுக்காக ஒரு தடவ. அத மட்டும் எழுதிக்கட்டுமா?


அஞ்செட்டி மருமகள்:

எழுதிக்கம்மா. அவர்கிட்ட கேட்டேன், சிரிச்சிட்டு களத்துக்கு போயிட்டாரு, சரின்னுதான் அர்த்தம். அந்த துண்டு பச்சை, ஓரத்துல கருப்பு கட்டம், ஒரு முனைல கிரீஸ் கறை, எத்தனை தடவ தொவைச்சாலும் போகல. கலர மட்டும் மாத்திடாத.